நாற்பத்தேழாவது குப்பி

மரத்தில் நாற்பத்தேழாம் நம்பர் மட்டும் தன் இடத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. நூற்றுப் பன்னிரண்டு சிலந்திகளின் வம்சக் கணக்கைக் கணினி பதினோரு நாள் மென்று, அன்றைக்குத்தான் திரையில் துப்பியிருந்தது. கிளைகிளையாகப் பிரிந்த மெல்லிய கோடுகளில் ஒரு வம்ச மரம். அக்கா தங்கைகள் ஒரு கொத்து, சித்தி பெண்கள் ஒரு கொத்து, பெரியம்மா வகையறா எதிர்ப்பக்கம். யார் யாரோடு பேசுவார்கள், யார் யார் வீட்டுப் படி மிதிக்கமாட்டார்கள் என்பது தெருவுக்கே தெரிந்திருப்பதுபோல எல்லாம் அதனதன் இடத்தில். நாற்பத்தேழு மட்டும் அந்தக் கூட்டத்தைவிட்டு விலகி, திரையின் ஓரம்வரை இழுத்துவிட்ட ஒற்றைக் கோட்டின் நுனியில், அழைப்பில்லாமல் விருந்துக்கு வந்தவரைப் போலத் தனியாக நின்றது.

“குப்பை,” என்றாள் கிளவுஸ் மேடம்.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குத் தெரியாது என்று துறை முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. நன்றாகவே தெரியும். உள்ளூர ஒரு பெருமைகூட. பன்னிரண்டு வருஷமாக அந்த லேபின் கதவுப் பிடியைக்கூட அவள் வெறுங்கையால் தொட்டதில்லை. உள்ளே யாராவது தும்மினால் அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்கூடைக்குப் போகும். தும்மியவர் அடுத்த மாதம் வேறு லேபுக்குப் போவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவியின் மாதிரியில் மனித டி.என்.ஏ. கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, முப்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு, “இது சிலந்தி இல்லை, இவளோட எச்சில்,” என்று சொன்னவள் அவள்தான். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. இப்போது எங்கேயோ மருந்துக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி. நன்றாக ஓடுகிறதாம்.

மேடத்தின் ஆராய்ச்சி கேட்பதற்கு எளிது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் எரிகின்றன. அந்த அடுப்புகளுக்கென்று தனியாக ஒரு சின்ன மரபுச்சரடு உண்டு. அது அப்பாவிடமிருந்து வருவதில்லை. அம்மாவிடமிருந்து, அந்த அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து, அப்படியே பின்னால், பின்னால். சிலந்திகளின் சரடுகளை எழுத்தெழுத்தாக வாசித்து, எது எங்கே மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டால், எந்தச் சிலந்தி எதற்கு என்ன உறவு என்று சொல்லிவிடலாம். தாய்வழியை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பக் கதை எழுதுவதா என்று வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அவளை மாநாடு மாநாடாகக் கிண்டலடித்துவந்தார். அந்த ஆளின் வாயை அடைக்கத்தான் ஆறு வருஷ உழைப்பு, நூற்றுப் பன்னிரண்டு குப்பி, திங்கட்கிழமை அனுப்பியாகவேண்டிய கட்டுரை. ஒரே ஒரு மாதிரி அழுக்கு என்று தெரிந்தால் போதும், மற்ற நூற்றுப் பதினொன்றையும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். வேறு யாருடைய குப்பியாக இருந்தால் அவளே நம்பியிருக்கமாட்டாள்.

எங்கேயோ எதுவோ தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக மூன்று. சற்று விட்டு இரண்டு. ஏ.சி.யின் மூடி தளர்ந்திருக்கும். இந்தக் கட்டடத்தில் எதைத்தான் ஒழுங்காக மாட்டியிருக்கிறார்கள்.

“நாப்பத்தேழைத் தொட்டது யாரு?”

டெக்னீஷியன் அக்கா கழுவிக்கொண்டிருந்த குழாய்களிலிருந்து தலையைத் தூக்கினாள். இருபது வருஷ சர்வீஸ். துறைத்தலைவர்கூட அவளை ‘நீங்க’ என்பார். மேடம் மட்டும் ‘நீ’.

“நீங்கதான் மேடம். அதை வேற யாரையும் நீங்க தொடவிடல.”

“நீளத்தைப் பாரு. சிலந்தின்னா பதினாலாயிரம், மிஞ்சிப்போனா பதினஞ்சாயிரம் எழுத்து. இது பதினாறாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம். இது எந்த ஊர்ச் சிலந்தி?”

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். வந்த சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடித்துவைத்தாள். “அந்த நீளம் மனுஷங்களுக்குத்தானே மேடம் வரும். பேசாம அதைப் பட்டியல்லேர்ந்து தூக்கிடுங்களேன். ஒண்ணுதானே.”

“தூக்கினா ஏன்னு எழுதணும். எழுதறது நீயா?”

அக்கா குழாய்களிடம் திரும்பினாள்.

லேபில் கால்வைக்கிற ஒவ்வொருவரின் கன்னத்தையும் உள்பக்கமாகப் பஞ்சால் வழித்து, அவரவர் சரடைப் படித்துக் கணினியில் போட்டுவைத்திருந்தாள் மேடம். அழுக்கு விழுந்தால் யாருடையது என்று பிடிப்பதற்கு. துறையில் அதன் பெயர் கேடிப் பட்டியல். பத்தொன்பது பேர். காவலாளி உண்டு. ஒருநாள் சாவி கொடுக்க வந்த மேடத்தின் மகளும் உண்டு. நாற்பத்தேழை அதில் ஓடவிட்டாள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு பெயராகச் சிவப்பு விழுந்துகொண்டே வந்தது. காவலாளி இல்லை. அக்கா இல்லை. மாணவர்கள் ஒருத்தர்கூட இல்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பட்டியலின் முதல் பெயர், நேர்மைக்கு அடையாளமாக அவளே முதலில் வைத்த தன் பெயர், பச்சையாக எரிந்தது. இடையில் மகளின் பெயரும் பச்சை. தாய்வழி ஒன்றுதானே, அது எரியாவிட்டால்தான் அதிசயம்.

பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்தில் ஒன்றுகூட மாறவில்லை.

ஜன்னலை மூடுவதுபோல அந்தப் பக்கத்தை மூடினாள். அக்கா திரும்பவில்லை. ஆனால் குழாய்க்குள் தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது. இவளுக்கு முதுகில் காது உண்டு என்று மேடத்துக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சரி. கையுறையில் ஓட்டை இருந்திருக்கலாம். அப்படியானால் தண்ணீரில் தெரியும். மாதிரிகளோடு ஒவ்வொரு முறையும் ஒரு குப்பியில் வெறும் தண்ணீரை வைத்து, அதே மருந்துகளை ஊற்றி, அதே கையால் அதே வழியில் அனுப்புவது வழக்கம். கையிலிருந்தோ காற்றிலிருந்தோ எது விழுந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைய தண்ணீரின் கணக்கைத் திறந்தாள்.

தண்ணீர் சுத்தமாக இருந்தது.

அப்படியென்றால் அழுக்கு வெளியிலிருந்து விழவில்லை. அரைத்த சிலந்திக் காலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

*

குளிர்ப்பெட்டியில் நாற்பத்தேழு இரண்டாவது தட்டின் கடைசியில் இருந்தது. ஒவ்வொரு சிலந்தியிலும் வலது மூன்றாம் காலை மட்டும் ஒடித்து அரைப்பார்கள். மிச்ச உடம்பு சாராயத்தில் ஊறிக்கொண்டு சாட்சியாக இருக்கும். குப்பியை விளக்குக்கு எதிரே பிடித்தபோது ஏழு காலோடு அது மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. உடம்பு என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வயிறு வற்றி, தோல் தொளதொளத்து, காற்றுப் போன பை. கூடவே துண்டுச்சீட்டு. சாராயம் மையைக் கரைத்துவிடும் என்பதால் அதைப் பென்சிலில்தான் எழுதுவது. அவளுடைய கையெழுத்து, அவளுடைய அடித்து எழுதும் பழக்கம்.

‘வீடு. பின்னறை. அம்மா கட்டிலுக்குப் பின்புறம். குஞ்சுகள்: 47-அ.’

மறந்தேபோயிருந்தாள். மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா போன மறுவாரம் பின்னறையைக் காலிசெய்த அன்று எடுத்தது. ஏழு மாதம் இருக்கும். கட்டிலை நகர்த்தினால், சுவரும் தரையும் சேருகிற மூலையில் பட்டுக்குழாய்போல ஒரு வலை, அதன் வாயில் தாய்ச்சிலந்தி, சுற்றிலும் கடுகளவில் முப்பது நாற்பது குஞ்சுகள். தாய் முன்னங்காலைத் தூக்கி வலையைத் தட்டியது. குஞ்சுகள் வந்தன. வயிற்றின்மேல், கால்களின்மேல், கண்களின்மேல் ஏறின. சில சிலந்திகளில் இது உண்டு என்று படித்திருக்கிறாள், பார்த்ததில்லை. குஞ்சுகளுக்கு வேறு இரை கிடைக்காத பருவத்தில் தாய் தட்டிக் கூப்பிடும். தன்னையே தின்னக் கொடுக்கும். ஓடாது. உதறாது. மகள் அடுத்த அறையில் பாட்டியின் துணிகளை மடித்துக்கொண்டிருக்க, மேடம் மெத்தையில்லாத கட்டிலில் உட்கார்ந்து, மதியம் முழுக்க அதைப் பார்த்துக் குறிப்பெழுதினாள். முக்கால்வாசி முடிந்ததும் பாட்டில் தேடினாள். அம்மாவுக்காக அவள் அழுததைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. பாட்டில் கேட்டுக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டியதை எல்லோரும் சொல்கிறார்கள்.

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தபோது, சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. இதற்குப் போய். கொசு. கொசு அம்மாவைக் கடித்திருக்கும், சிலந்தி கொசுவைத் தின்றிருக்கும். சிலந்தியின் குடல் கிளைவிட்டுக் காலடிவரை இறங்கும் ஜாதி உண்டு. அம்மாவின் சரடுதானே மகளின் சரடு. பட்டியலில் அம்மா இல்லாததால் தன் பெயர் எரிந்திருக்கிறது. இவ்வளவுதான். கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பு, படிக்கிறவர்கள் ரசிப்பார்கள்.

நிரூபிப்பதும் எளிது. குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்து தாயைத் தவிர எதையும் தின்னாதவை. கொசு பார்க்காதவை. நாற்பத்தேழு ‘அ’-வை வாசித்தால் சுத்தமான சிலந்தி எழுத்து வரும். கூடவே தாயின் இன்னொரு காலும். வெறும் தண்ணீரும்.

தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டாள். இரண்டும் விரல்நுனியில் மடிந்து தொங்கின.

“இந்தக் கம்பெனி வேணாம்னு எத்தனை தடவை சொல்றது. ஏழாம் நம்பர்னு அச்சடிச்சு எட்டை அனுப்பறான்.”

“அதே கம்பெனிதான் மேடம்,” என்றாள் அக்கா. “அதே ஏழுதான். நீங்க கொஞ்சம் சாப்பிடுங்க.”

“ஒன் வேலையைப் பாரு.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் தட்டாம இருந்தீங்கன்னா எனக்கும் ஓடும்.”

“யாரு தட்டறா?”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். பிறகு, இருபது வருஷ சர்வீஸ் கற்றுக்கொடுத்த ஞானத்தோடு, “ஏ.சி.யா இருக்கும் மேடம்,” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசிக்கும் இயந்திரம் உள்ளங்கையளவுதான். நான்கு மணிக்கு அதில் மூன்று மாதிரிகளையும் ஏற்றி முடித்தாள். நாளை மதியம் வீட்டிலிருந்தே முடிவைப் பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும்போது ஏனென்று தெரியாமல் நாற்பத்தேழாம் குப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். லேபிலிருந்து மாதிரியை வெளியே எடுக்கக் கூடாது என்பது கதவில் ஒட்டியிருக்கும் முதல் விதி. எழுதியது அவள்.

*

மாடிப்படியில் கீழ்வீட்டம்மா மறித்தாள். ஊர்க் கதையைப் பேசாவிட்டால் தூக்கம் வராத ஜென்மம் என்று மேடம் அவளைப் பற்றி நினைத்துக்கொள்வது வழக்கம். கீழ்வீட்டம்மாவும் மேடத்தைப் பற்றி நிறைய நினைத்துக்கொள்வாள். அதைச் சுமந்துகொண்டிருக்காமல் நாலு பேரிடம் இறக்கியும் வைத்துவிடுவாள்.

“பொண்ணு வந்ததுலேர்ந்து வீடே களையா இருக்கு. பாட்டி போனதும் வேலையை விட்டுட்டு ஒங்களுக்குத் துணையா வந்துட்டாளே, இந்தக் காலத்துல யாரு வருவா. வந்தப்ப குச்சி மாதிரி இருந்தா. இப்ப பாருங்க, கன்னம் வச்சு, பளபளன்னு.”

“ம்.”

“நீங்கதான் இப்பிடி எளைச்சிட்டீங்க. போன வருஷம் நல்லா பூசினாப்ல இருந்தீங்களே. அப்ப ஒங்கம்மா எளைச்சாங்க. ஒங்க வீட்டுல சதை ஆளு மாறி ஆளு போகும்போல.” தானே சொல்லித் தானே சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “அது கெடக்கட்டும். மதியத்துல அந்தப் பின்னறைல யாரு தட்டறது? ஒங்கம்மா இருந்தப்ப கேக்குமே, அதே மாதிரி.”

“தண்ணிக் குழாயா இருக்கும்.”

“அது ஞாயித்துக்கிழமை மட்டும்தான் தட்டுமா?”

மேடம் படியேறினாள். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் மதியத்தில் வீட்டில் இருப்பாள். அந்த நினைப்பு பன்னிரண்டாவது படியில் வந்தது. பதின்மூன்றாவது படியில் அதை உதறினாள்.

மகள் சோபாவில் நீளமாகக் கிடந்தாள். இருபத்துமூன்று வயது. உள்ளே நுழைகிறவளைத் திரும்பிப் பார்க்காத கலையை எங்கே கற்றாள் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. அதே சோபா, அதே மூலை, அதே லேப்டாப் வெளிச்சம். அம்மா பின்னறையிலிருந்து நடந்து வந்து நிற்கும்போதெல்லாம் மேடமும் இப்படித்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பாள்.

“சாப்டியா?”

“ஆச்சு.”

சமையலறையில் பாத்திரங்கள் காலையில் கவிழ்த்தபடியே காய்ந்திருந்தன. அடுப்பு சில்லென்று இருந்தது. குப்பைக்கூடையில் ஒரு பொட்டலம்கூட இல்லை.

“என்ன சாப்ட்ட?”

“அதான் நீ குடுத்தியே.”

“நான் காலைலேர்ந்து லேப்ல இருக்கேன்.”

“இன்னிக்கு இல்லம்மா. போன வாரம்.” மகள் சோம்பல் முறித்தாள். தோலுக்கடியில் விளக்கு வைத்ததுபோல இருந்தாள். “சும்மா தொணதொணங்காத. போய்ப் படு. ஒனக்கு நாளைக்குத் தெம்பு வேணும்.”

*

ஞாயிறு. இரண்டு மணி. வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரிவரியாகப் போட்டிருந்தது. கீழே யாரோ துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள், எதிர்வீட்டு டி.வி.யில் கூட்டம் கைதட்டியது. எங்கேயோ ஒரு குழந்தை ஒரே பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. பயப்படுவதற்குக் கொஞ்சமும் தோதில்லாத மதியம். மேடம் சாப்பாட்டு மேஜையில் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், லேப்டாப் ஒருபக்கம், சாராய வாடை கசியும் குப்பி ஒருபக்கம். முடிவு வந்திருந்தது.

தண்ணீர்: ஒன்றுமில்லை.

நாற்பத்தேழு, புதுக் கால்: பதினாறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.

நாற்பத்தேழு ‘அ’, குஞ்சுகள்: அதே.

அதே எழுத்து, அதே வரிசை.

கொசு பார்க்காத குஞ்சுகள். தாயைத் தின்றபோது ஒட்டியிருக்கலாம் என்று அவள் விடவில்லை. கலப்படம் என்றால் இரண்டும் இருக்கவேண்டும், சிலந்தியும் மனிதரும். இயந்திரம் வாசித்தவை லட்சக்கணக்கான துணுக்குகள். அவற்றில் மனிதரை ஒதுக்கிவிட்டு, சிலந்தியை மட்டும் தேடச் சொன்னாள். எந்தச் சிலந்தியானாலும் சரி. உலகத்தில் இதுவரை படித்துவைத்த அத்தனை சிலந்திகளோடும் ஒப்பிட்டாள்.

பூஜ்யம்.

ஒரு துணுக்குகூட இல்லை.

குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். ஆறு கால். எட்டுக் கண். கொடுக்குப் பல். சிலந்திதான். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மரத்தில் இதற்கு இடம் எது என்று கேட்டாள், கேடிப் பட்டியலையும் சேர்த்துப் போட்டு. அரை நிமிஷம். கோடுகள் இறங்கின. ஒரு கிளையின் நுனியில், ஒரே புள்ளியில், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு பெயர். நாற்பத்தேழு. நாற்பத்தேழு ‘அ’. அவள். அவள் மகள்.

இடைவெளி என்ற கட்டத்தில், இல்லை என்று இருந்தது.

தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று. இரண்டு.

குழாய். எழுந்தாள். குழாய்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் மற்றதையும் ஒரு வழியாக விளக்கிவிடலாம் என்று தோன்றியது. ஒன்றை விளக்கிவிட்டால் போதும். மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. நடைவழியின் கடைசியில் பின்னறை. திறந்தாள். மூடிய அறையின் வாடை. பழைய எண்ணெய், மருந்து, வேறொன்று. கட்டில். மெத்தையில்லாத பலகை. சுவரில், தலைமாட்டை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு தேய்ந்து பளபளத்தது. அம்மா தட்டிய இடம்.

கடைசி வருஷம் முழுக்க அம்மா தட்டினாள். படுத்துக்கொண்டே, ஆள்காட்டி விரலால். என்னம்மா என்று கத்தினால், ஒரே கேள்வி: சாப்டியா. வந்து எடுத்துக்கோ. டாக்டர் மூன்று தடவை எல்லா டெஸ்டும் எடுத்து, வயசு, என்று எழுதினார். நாற்பது கிலோ. முப்பத்திரண்டு. இருபத்தாறு. வலி இல்லை. முனகல் இல்லை. முகத்தில் ஒரு திருப்தி. அந்தத் திருப்திதான் மேடத்துக்கு எரிச்சல். கடைசி நாள், இதே நேரம், இதே வெயில். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, வந்துடு, என்றாள் அம்மா. ஏதோ பாத்திரத்தில் மிச்சம் இருப்பதைச் சொல்கிறாள் என்று மேடம் எழுந்து போனாள். பக்கத்தில் பாத்திரம் எதுவும் இல்லை. அம்மா கையை நீட்டினாள். அந்தக் கை கழற்றிப்போட்ட கையுறைபோல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நினைவில்லை.

வெளியே வந்தபோது பசி இல்லை. அது நினைவிருக்கிறது.

சுவரில் காதை வைத்தாள். சில்லென்றிருந்தது. குழாய் ஓடும் சுவரே இல்லை இது. சத்தம் நின்றிருந்தது. நிமிர்ந்தாள். கேட்டது. காதை வைத்தாள். இன்னும் பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

கீழே பார்த்தாள்.

வலது கை சுவரில் இருந்தது. தேய்ந்த இடத்தில். கையுறைக்குள் ஆள்காட்டி விரல்.

மூன்று.

இரண்டு.

இடது கையால் அதைப் பிடித்தாள். நின்றது. இடது கையின் விரல் வலது கையின் முதுகில் தட்டத் தொடங்கியது. மெதுவாக. அன்பாக. கட்டிலில் உட்கார்ந்தாள். பலகை முனகக்கூட இல்லை. உட்கார்ந்த கனம் அவ்வளவுதான்.

கூப்பிடவில்லை. நான் கூப்பிடவில்லை. குழாய்.

நடைவழியில் கதவு திறந்தது. வெறுங்காலின் சத்தம். அவசரமில்லை.

“கூப்டியாம்மா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“சாப்டியா?” என்றது வாய்.

மகள் நிலைப்படியில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை. பசிகூட இல்லை. ஒரே சாப்பாட்டைத் தினமும் பார்க்கிறவளின் சலிப்பு. “இவ்ளோதான் இருக்கா,” என்றாள். வந்து தரையில் உட்கார்ந்தாள். வெயில் வரிகள் அவள் முதுகில் ஏறிக்கொண்டன. கீழே துவைக்கும் இயந்திரம் நின்றது. கீழ்வீட்டம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான் செய்வாள்.

ஓடு. கால் அசையவில்லை. கத்து. நெஞ்சு முழுக்கச் சொல்ல முடியாத ஒரு திருப்தி ஊறியது. அந்தத் திருப்தியைப் பார்த்துத்தான் அவள் உள்ளே அலறிக்கொண்டிருந்தாள்.

மகள் அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கையுறையை மணிக்கட்டில் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி, விரல் விரலாக, லேபில் கற்றுக்கொடுக்கும் முறையிலேயே சுத்தமாக உரித்தாள். தரையில் போட்டாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு,” என்றது மேடத்தின் வாய். “வா.”

மகள் குனிந்தாள்.

மகளின் மடியில் மேடத்தின் கை கிடந்தது. கீழே தரையில் கையுறை. இரண்டும் வெளுத்து, இரண்டும் மெலிந்து, விரல்நுனிகளில் மடிந்து, எது எதுவென்று அவளுக்கே தெரியாதபடி.

ஒன்று மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.